ஊர்வலப் பொறுப்பாளர் முத்தாலம்மாள்

பம்மல் மெயின் ரோட்டில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், மூடிக் கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையின் சுவரை ஒட்டி முத்தாலம்மாள் பதினேழு வருஷம் மீன் விற்றாள். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டி பம்மலுக்கு வந்த பிறகு கடலைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. சிரித்துப் பேசி வியாபாரம் செய்யத் தெரியாது. ஆனால் நேற்றைய மீனை ஐஸில் புரட்டி இன்றைய மீன் என்று சொல்லமாட்டாள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிறவர்கள் அவளிடம்தான் வண்டியை நிறுத்துவார்கள்.

புருஷன் ரங்கன் தோல் பதனிடும் வேலையில் இருபது வருஷம் மருந்துத் தண்ணீரில் நின்றவன். நெஞ்சு கெட்டுப்போய், இரண்டு வருஷம் இருமிக்கொண்டே கிடந்து, ஒரு புதன்கிழமை காலையில் அடங்கிப்போனான். ஆண் பிள்ளை கிடையாது. பத்தொன்பது வயதில் ஒரே மகள், ஜெயப்ரியா.

சாவுச் செலவு, மேளம், வண்டி, சரவெடி எல்லாவற்றையும் ரங்கனின் தம்பி தனசேகர் தன் தலைமேல் போட்டுக்கொண்டான். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவன். தெருப் பையன்களை வைத்து ஒரு நற்பணி மன்றம் நடத்துகிறவன். அண்ணனின் கடைசிப் பயணம் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றான். இருமிக்கொண்டு கிடந்த இரண்டு வருஷத்தில் அண்ணனைப் பார்க்க அவன் வந்தது மூன்று முறை.

பதினோரு மணிவாக்கில் ஸ்டேஷனிலிருந்து ஒரு தாளோடு வந்தான். பிரேத ஊர்வலங்களால் ரோட்டில் தகராறு அதிகமாகிவிட்டதாம். யாராவது ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால்தான் விடுவார்களாம்.

“ஒரு கையெழுத்து போடு அண்ணி.”

முத்தாலம்மாள் ரங்கனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். “நீயே போடேன் தனசேகரு.”

“என் பேர்ல ஏற்கெனவே ரெண்டு கேஸ் கீது. நான் போட்டா பர்மிஷன் குடுக்கமாட்டான்.”

அவள் எட்டாவது வரை படித்தவள். அழுது வீங்கிய கண்ணோடு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ரோட்டின் இடது பாதியில் மட்டும் போக வேண்டும். பட்டாசு கூடாது. மாலைகளைச் சாலையில் வீசக் கூடாது. அசம்பாவிதம் நேர்ந்தால் கீழே கையெழுத்திட்டவரே முழுப் பொறுப்பு.

“பூ போடக் கூடாதுன்னு போட்டுக்கீதே?”

“பூ போடாம எந்தப் பொணம் போயிருக்கு? சும்மா பேப்பர் அது.”

“வேணாம். தெருவோட நிறுத்திக்கச் சொல்லு. ரோட்டுல போட வேணாம்.”

“சொல்றேன் அண்ணி. போடு.”

போட்டாள்.

நாலு மணிக்குப் பாடை ஏறிய வண்டி கிளம்பியது. தெருமுனை வரைக்கும்தான் பெண்கள். அங்கே அவளைத் திருப்பிக் கூட்டி வந்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரப் புடவையோடு வாசலில் நடுங்கிக்கொண்டு, மேளச் சத்தம் மெயின் ரோட்டில் திரும்பித் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊர்வலத்தால் இன்னொரு உயிர் போனது அப்போது அவளுக்குத் தெரியாது.

செத்தவள் கிறிஸ்டினா. பொழிச்சலூர்க்காரி, கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஊர்வலம் முன்னால் போய்விட்டது. அது போட்டுவிட்டுப் போன பூ மட்டும் ரோடு முழுக்கக் கிடந்தது. பிய்த்துப் போட்டது பாதி, முழு மாலையாகவே வீசியது பாதி. முன்சக்கரம் ஒரு ரோஜா மாலையில் ஏறி வழுக்கியது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்கு பிரேக் பிடிக்க இடமில்லை. ஹெல்மெட் போட்டிருந்தாள், தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி ஏறியது இடுப்பில். முன்னால் போனவர்களில் சிலர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேளம் நிற்கவில்லை.

சாயங்காலம் ஆண்கள் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார்கள். ஒருவரும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், பால் ஊற்றக் கிளம்பும் நேரத்தில், இரண்டு பெண் போலீஸ்கள் வாசலில் நின்று, “இங்க முத்தாலம்மாள் யாரு?” என்றார்கள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு கடை கேமராவில் பதிவானதைக் காட்டினார். வண்டியின் மேல் நின்று ஒருவன் மாலைகளைப் பிய்த்துப் பிய்த்து இரண்டு பக்கமும் வீசினான். முகத்தைப் பூப்பந்தல் மறைத்திருந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை.

“யாருன்னு தெரியுதாம்மா?”

“என் கொழுந்தன் சார். தனசேகரு.”

தனசேகரைக் கூப்பிட்டார்கள். “துக்கத்துல புத்தி கலங்கிப் பேசுது சார். நான் முன்னால மேளக்காரங்களோட நடந்துகினு இருந்தேன். பூவை நிறையப் போடுங்கடா, என் புருஷன் ராஜா மாதிரிப் போவணும்னு அண்ணிதான் பசங்ககிட்ட சொல்லிச்சு” என்றான். மன்றத்துப் பையன்கள் எட்டுப் பேர் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள்.

கடைசியாக ஜெயப்ரியாவைக் கேட்டார்கள். அம்மாவை அழைத்துப் போன நாளிலிருந்து அவள் சித்தப்பா வீட்டில்தான் இருந்தாள். அந்தச் சட்டை போன தீபாவளிக்கு அவளும் அம்மாவும் பல்லாவரத்துக்குப் போய்த் தேடிப் பிடித்து அவனுக்கு வாங்கிக் கொடுத்தது. பெண் அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“தெரியல சார்.”

வெளியே வரும்போது முத்தாலம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். ஜெயப்ரியா மெதுவாக விரல்களை விடுவித்துக்கொண்டாள். “நீ உள்ள போய்ட்டா நான் அந்த வூட்லதானம்மா இருக்கணும்” என்றாள்.

ஜாமீனில் வந்தாள். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக வழக்கு. ஒன்றரை வருஷம் நடந்தது. மீன் கூடையை வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போன நாட்களில் அவள் இடத்தில் தனசேகரின் மச்சினி உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இலவச சட்ட உதவியில் அபிகாயில் என்ற இளம் வக்கீல் கிடைத்தாள். நல்ல பெண். “நீங்க அந்த ரோட்டுலயே இல்லக்கா. அது ஒண்ணு போதும் நமக்கு” என்று நம்பிக்கை சொன்னாள். அந்த ஒன்றுதான் கழுத்தை அறுத்தது.

“பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தது நீங்கதானே?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“ஆமா சார்.”

“படிச்சுப் பார்த்துதான் போட்டீங்க?”

“ஆமா சார்.”

“அப்போ கூடப் போய் ஏன் தடுக்கல?”

“பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்ல சார்.”

“போக முடியாதுன்னு தெரிஞ்சவங்க பொறுப்பு மட்டும் ஏன் எடுத்தீங்க?”

அபிகாயில் எழுந்து ஏதோ சொன்னாள். முத்தாலம்மாளின் காதில் விழவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தன்னிடம் இருக்கிறதா என்று அவள் உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தாள்.

தீர்ப்புக்கு முந்தின வாய்தாவில், கோர்ட் வராந்தாவில் ஆஸ்டின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிறிஸ்டினாவின் கணவர். ஒரு வாய்தா தவறாமல் வருவார்; ஒரு தடவைகூட அவளிடம் பேசியதில்லை. முத்தாலம்மாள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சார், பூ போட வேணாம்னு நான் சொன்னேன் சார். நான் வூட்டுல இருந்தேன்.”

“தெரியும்.”

அவள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுல ஒரு பொம்பளைகூடக் கிடையாது. மேல நின்னு வீசினது உங்க கொழுந்தன்தான். நடை, உசரம், கை வீசுற விதம் எல்லாம் கோர்ட்டுல பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போச்சு.”

“அப்போ சொல்லுங்க சார். நீங்க சொன்னா ஜட்ஜ் ஐயா கேட்பாரு.”

ஆஸ்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் உயரவே இல்லை. “முகம் இல்லம்மா. கேஸ் அவன் மேல நிக்காது. உங்களையும் விட்டுட்டா இந்தக் கேஸுல யாருமே இல்ல. என் பொண்ணு தினம் கேட்குறா, அம்மாவைக் கொன்னவங்களை ஜெயில்ல போட்டாங்களாப்பான்னு. யாராவது ஒருத்தர் உள்ள போகணும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆறு மாசம் தண்டனை. புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அப்பீல் போகலாம் என்று அபிகாயில் இரண்டு முறை வந்து கேட்டாள். “வேணாம்மா. மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பாங்க” என்று முத்தாலம்மாள் சொல்லிவிட்டாள். ஜெயப்ரியா ஒரே ஒரு தடவை வந்து பார்த்தாள், அழுதாள், கூட வந்திருந்த தனசேகர் நேரமாகிறது என்று அழைத்துப் போனான்.

வெளியே வந்தபோது பம்மலில் அவளுக்கு வீடும் இல்லை, மீன் போட இடமும் இல்லை. பொழிச்சலூரில், விமானம் கூரையை உரசுவது போல இறங்குகிற ஒரு சந்தில், ஒற்றை அறை பிடித்தாள். கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறாள். ஆஸ்டின் வீட்டுத் தெருவுக்குள் மட்டும் நுழைவதில்லை.

போன தை மாசம், பம்மலிலிருந்து குடிவந்த ஒரு பழைய வாடிக்கைக்காரி நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டே, “உன் பொண்ணு கல்யாணத்துல உன்னைக் காணோமே? மண்டபம் நிறையக் கூட்டம். சித்தப்பாவும் சித்தியும்தான் தாரைவார்த்தாங்க” என்றாள்.

முத்தாலம்மாள் தராசைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து, கேட்டதற்குமேல் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

“பொண்ணுக்கு இன்னா கலர் புடவை?” என்று கேட்டாள்.