ஆத்தா எரிக்காத நாவல்

சிவபதம் எய்திய, எங்களைப் பெற்ற ஆத்தாவின் முதலாண்டு நினைவாக இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம்.

ஆத்தா கீழச்சிவல்பட்டியில் ஐந்து பெண்களுக்கு மூத்தவராகப் பிறந்தார்கள். பதினெட்டு வயதில், எழுத்தாளரான எங்கள் தகப்பனார் அப்பச்சிக்கு வாழ்க்கைப்பட்டுக் காரைக்குடிக்கு வந்தார்கள். அப்பச்சி எழுத உட்கார்ந்தால் வீடு ஒழுகினாலும் தெரியாது. கடைகண்ணி, எங்கள் பள்ளிக்கூடம், வந்து போகும் விருந்து எல்லாம் ஆத்தா தலையில்தான். அலுத்துக்கொள்வார்கள், திட்டுவார்கள், ஆனால் ஒருவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

ஆத்தாவின் வாழ்க்கைக் குறிப்பைத் தம்பி எழுதினான். சரிபார்ப்பது என் பொறுப்பு. ‘அடக்கமே உருவானவர்’ என்று எழுதியிருந்தான். ஆத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் படித்தால் சிரிப்பார்கள் என்று அடித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் அந்த வரி இருந்தது: ‘அப்பச்சியின் முதல் நாவலை அடுப்பில் போட்டவர்.’

உங்களில் பலர் இதை அப்பச்சி வாயாலேயே கேட்டிருப்பீர்கள். நான் பிறந்த வருஷத்து ஆடியில், காற்றில் அடுப்புப் பற்றாமல், ஆத்தா நாவலைக் கிழித்துப் பற்றவைத்தார்களாம். அப்பச்சி மேடையில் சொல்வார்கள், கூட்டம் சிரிக்கும். ஆத்தாவும் மறுத்ததில்லை. எனக்குத்தான் சின்ன வயதிலிருந்தே உறுத்தல். அச்சில் ஏறிவிட்டால் பேரன் பேத்திகளுக்கும் அதுதான் ஆத்தா.

“ஊருக்கே தெரிஞ்ச கதை, ஆச்சி. இதையும் போயி விசாரிக்கணுமா?” என்றான் தம்பி. அக்காவை ஆச்சி என்பது எங்கள் வழக்கம். நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆத்தாவின் தங்கையான சின்னாத்தாவைப் பார்க்கக் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன்.

“ஆடியிலயா? ஆச்சி ஆனியிலயே பேறுகாலத்துக்கு இங்குட்டு வந்துட்டாகளே. ஆவணியில நீ இந்த வீட்டுலதான பொறந்த. ஒனக்கு மூணு மாசம் ஆகித்தான் காரைக்குடிக்குப் போனாக. தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வந்தவுக நடுவுல போயி அடுப்புப் பத்தவச்சாகளாக்கும்?” என்றார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதே நெஞ்சு லேசாகிவிட்டது. என் பிறப்பே ஆத்தாவுக்குச் சாட்சி. இத்தனை நாள் தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பச்சியிடம் வரியைக் காட்டி, “அந்த ஆடியில ஆத்தா இங்க இல்லையே, அப்பச்சி. நெசத்தைச் சொல்லுங்க” என்றேன்.

“நாந்தேன் போட்டேன். நல்லா வரலை. நாவலைக் கேட்டு வந்த சேக்காளிகள்ட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒங்காத்தா மேல போட்டுட்டேன். அவ ஊர்லருந்து வந்ததும் சொன்னேன். ‘சொல்லிட்டீகள்ல, இருந்துட்டுப் போகுது’ன்னா. நானும் இம்புட்டு வருசமா சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்.”

கோபம் வந்தது, மறைப்பானேன். நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. அப்பச்சியே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்து, ‘எரித்தவன் நான்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

ஆத்தா படுக்கையில் இருந்த இரண்டு மாதமும் உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலிப் பெண்ணுக்கும், முறைவைத்துச் சோறு கொடுத்தனுப்பிய பங்காளி வீட்டாருக்கும், நினைவு பிசகாத சின்னாத்தாவுக்கும் எங்கள் நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தக் கதையை இனியும் சொல்லுங்கள், சிரியுங்கள். ஆத்தாவை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஆடியில் அவர்கள் என்னைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.