அடுப்பில் போட்ட அட்டை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாகவே வாருங்கள்.

நேற்று சாயங்காலம் பாடாலூர் சரோஜா வந்தாள், தன் பேரனுக்கு என் பேத்தி கயலைப் பெண் கேட்டு. செருப்புக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்த கயலின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை ஆசையாகத் திருப்பிப் பார்த்தாள். வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டுமாம், கல்யாணத்துக்கு அப்புறமும் போகலாமாம்.

அந்த அட்டை எரிந்தால் என்ன நாற்றம் வரும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு முதன்முதலில் கம்பெனி வேன் வந்தபோது ஏறியது மூன்றே பெண்கள். ஒருத்தி என் மூத்தவள் செல்வி, கயலின் அம்மா. வெயிலில் பருத்தி எடுத்தால் குடும்பப் பெண். நிழலில் உட்கார்ந்து செருப்புத் தைத்தால் வேறு பேர். குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். நான் திரும்பியதும் சிரிப்பு கேட்கும். அப்போது செல்வியைப் பேசி முடித்திருந்தது இதே சரோஜாவின் மகனுக்குத்தான். நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பி, ஆள்விட்டுச் சொன்னாள்: "வேன்ல ஊர் சுத்துறவ எங்க வூட்டுக்கு வேணாங்க."

அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீரமெல்லாம் பெற்ற பிள்ளையிடம்தான். செல்வியை வேலையிலிருந்து நிறுத்தினேன், அட்டையைப் பிடுங்கினேன்.

"அத மட்டும் குடுத்துடும்மா. அதுலதான் எம்பேரு அச்சுல இருக்கு."

அடுப்பில் போட்டேன். அப்படியும் அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. கீழப்பழுவூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போய்ச் சேரும் வரை அடுத்தவர் காட்டில் களை வெட்டிவிட்டு என்னிடமே வந்துவிட்டாள் செல்வி.

இன்று எங்கள் தெருமுனையில் மூன்று வேன் நிற்கிறது. பெண்கள் சம்பளத்தில் மாடி எழும்பிய பிறகு, அன்று அசிங்கம் என்றதையே பெருமை என்கிறார்கள்.

"பழச வுடுங்கக்கா, அப்ப காலம் அப்புடி" என்றாள் சரோஜா.

"காலமா ஆள்விட்டுச் சொல்லி அனுப்புச்சு?" என்றேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அந்தக் குழாயடிப் பேச்சு இப்போது ஊரில் இல்லை. பேசியவர்களைக் கேட்டால் நாங்களா என்கிறார்கள். முதல் வேனில் ஏறிய மூன்று பேர் யார் என்று கேளுங்கள், அதுவும் யாருக்கும் தெரியாது. செல்வி மட்டும் என்னை இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை.

கயல், இதை ஒரு தடவை படி. உங்கம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். அட்டை வருகிற இடத்தில் கொஞ்சம் சத்தமாகப் படி.