ஒற்றை மணி

கண்ணுச்சாமி பழைய வண்டி புரோக்கர். வாய் கூசாமல் பொய் சொல்லக்கூடியவர்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். அதனால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்கிறேன்.

1988, மே மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான அவர் அதற்கு முன் பஸ் கண்டக்டர். கயிறு இழுத்து மணி அடிக்கிற பஸ். இரண்டு மணி அடித்தால் போகலாம். ஒரு மணி அடித்தால் நிற்கணும்.

ராஜபாளையத்தில் மர மில் வைத்திருந்த வைகுண்டராஜ், தூத்துக்குடி ஏலத்தில் ஒரு பழைய படகை எடுத்திருந்தார். கப்பலைக் கயிறு கட்டி இழுக்கிற படகு, முழுக்கத் தேக்கு. லாரியில் வரும்போது கரண்டுக் கம்பியில் இடிக்கும் என்று மேல் கேபினை அறுத்துத் தனியாகக் கொண்டுவந்து, கேட் ஓரம் போட்டிருந்தார்கள். பலகையாக்கத்தான் வாங்கினார். பார்த்ததும் அறுக்க மனசு வரவில்லை.

"கண்ணுச்சாமி, இதைப் பழுதுபாத்துத் தண்ணியில விடுற ஆளாப் பாரு. ஆடி பொறந்தா வாளுதான்."

வந்தவர்கள் எல்லாரும் எஞ்சின் அறைக்குள் இறங்கினார்கள். ஏறி வந்து, விலைகூடக் கேட்காமல் பஸ் பிடித்துப் போனார்கள். கடைசியில் தூத்துக்குடியிலிருந்து இருளப்பசாமி என்ற பெரியவர் ஆள் விட்டிருந்தார். "நாளைக்கு வாரேன். வேற ஆளுக்கு விட்டுராதிய."

கண்ணுச்சாமிக்கு வாயெல்லாம் பல். எஞ்சின் அறையைக் கூட்டிவைப்போம் என்று விளக்குமாற்றோடு இறங்கினார். மத்தியானம் இரண்டரை மணி. மில் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுவரில் ஒரு பித்தளை மணி தொங்கியது. அதைத் துடைத்தார்.

தரை ஈரமாக இருந்தது. படகு தண்ணீரை விட்டு வந்து ஒரு வருஷம்... அப்போதே அவர் ஏறியிருக்க வேண்டும்.

டப்!

மேல்மூடி விழுந்தது. கும்மிருட்டு. ஏணியில் ஏறித் தோளால் முட்டினார். அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள் இழுபட்டது.

"ஏலே மாரிசாமி! விளையாடாதலே!"

மில் வாட்ச்மேன் மாரிசாமியின் வேலை என்றுதான் நினைத்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. வெக்கையில் மூச்சு முட்டியது. அப்போது...

டிங். டிங்.

பித்தளை மணி. அதன் கம்பியை மேல் கேபினிலிருந்துதான் இழுக்க முடியும். கேபினோ கேட் ஓரம் கிடக்கிறது.

இருட்டில், கைக்கெட்டும் தூரத்தில், யாரோ லீவரைத் தள்ளினார்கள். தரை அதிர்ந்தது. எஞ்சினையோ ஏலத்துக்கு முன்பே கழற்றி விற்றிருந்தார்கள்.

கணுக்காலில் தண்ணீர்.

முழங்காலில்.

கழுத்தில்... உப்புக் கரித்தது.

பக்கத்தில் ஒருவன் இருமினான்.

கண்ணுச்சாமியின் கை தானாக மேலே போனது. கண்டக்டர் கை. மணியைத் துழாவி ஓங்கி அடித்தது.

டிங்.

அதிர்வு நின்றது. அவரை உரசிக்கொண்டு யாரோ ஏணியில் ஏறினார்கள். மூடி திறந்தது. வெளியே வந்தபோது அவர் வேட்டி காய்ந்தே இருந்தது. எதையும் பார்க்காமல் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். வீடு வரை பின்பாரம் இழுத்தது.

மறுநாள் இருளப்பசாமி வந்தார். கீழே இறங்கிச் செத்த நேரம் இருந்தார். ஏறி வந்து தேம்பி அழுதார்.

"புயலன்னைக்கு இதை ஓட்டுனது நாந்தான். கீழ எஞ்சின்ல எந்தம்பி. தண்ணி இறங்கக் கூடாதேன்னு மூடியத் தாழ் போட்டேன். ஓட்டச் சொல்லி ரெண்டு மணி அடிச்சேன். அலை என்னைத் தூக்கி வீசிருச்சு, அவன் உள்ளயே போயிட்டான்... ஒத்த மணி அடிச்சாத்தான் அவன் லீவரை விட்டுட்டு ஏறி வருவான். படகைச் சரிபண்ணி, மணி அடிச்சு அவனை இறக்கணும்னு வந்தேன். அவன் இதுல இல்லியே!"

மாரிசாமி மெல்ல வாயைத் திறந்தான். நேற்று மரத்தூளில் ஈரக் கால்தடம் இருந்ததாம். படகிலிருந்து ஸ்கூட்டர் நின்ற இடம் வரை.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உப்புப் பூத்திருந்தது. பெரியவர் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இதைக் குடுப்பியளா?"

கண்ணுச்சாமி சாவியை நீட்டினார். பெரியவர் ஏறி உட்காரவில்லை. பின்சீட்டோடு பேசிக்கொண்டே லாரி ஷெட் வரை வண்டியை உருட்டிக்கொண்டு போனார். ஆடியில் படகை அறுத்தார்கள்.

பெரியவர் ஸ்கூட்டரைக் கொண்டுபோன அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பிய கண்ணுச்சாமி, வாசலில் நின்றுவிட்டார். முந்தின நாள் ஸ்கூட்டரை நிறுத்திய இடத்தில் இரண்டு கால்தடங்கள், உப்புப் பூத்து. அங்கிருந்து வீட்டுக்குள்.

ஏழு வருஷமாக அந்த வீட்டை வாங்க ஆள் தேடுகிறார். வருகிறவர்கள் உள்ளே போகிறார்கள். வெளியே வந்து, விலைகூடக் கேட்காமல் பஸ் பிடித்துப் போகிறார்கள்.