பதினாறிலிருந்து இறங்கி வந்தது

இது கட்டுக்கதை இல்லைங்க. என் மச்சானுக்கு நடந்தது. பொண்டாட்டியோட கூடப்பிறந்தவனைப் பத்திப் பொய் சொல்லிட்டு நான் வீட்டுல சோறு சாப்பிட முடியுமா?

மச்சானுக்கு நெட்வொர்க் வேலை. ஊர் ஊரா இருக்கற கம்பெனிக் கிளைகளை இணைக்க அங்க ஓடினது அரதப்பழசான ரவுட்டிங் முறை. ஒவ்வொரு ரவுட்டரும் அரை நிமிஷத்துக்கு ஒருதடவை பக்கத்து ரவுட்டர்கிட்ட, 'இந்தக் கிளைக்குப் போக இத்தனை ரவுட்டர் தாண்டணும்'னு சொல்லும். எண் குறையக் குறைய கிளை கிட்டன்னு அர்த்தம்; பதினாறுன்னு காட்டினா அங்க போக வழியே இல்லை. ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை அழிச்சுட்டுப் புது முறைக்கு மாத்தணும். மாத்திட்டா வேலை நிரந்தரம். இல்லேன்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவன் பொண்டாட்டிக்கு வேற அப்ப ஏழு மாசம்.

அந்த ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு பத்து. ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்லை. திரையில மலைக்கிளை மட்டும் பதினாறுன்னு நின்னுச்சு. மூடி நாலு வருஷமான கிளை இன்னும் ஏன் நிக்குதுன்னு மச்சானுக்கு உறுத்தல்.

அரை நிமிஷம் போச்சு.

பதினஞ்சு.

உடனே சந்தேகம் சோடாபுட்டி மேல. அதே வேலைக்கு அடிபோட்ட கூட்டாளி. போன் போட்டான்.

"டேய், விளையாடாத."

"அடப்பாவி! ஆஸ்பத்திரியில அம்மாகூட இருக்கேன்டா."

பின்னால நர்ஸ் கூப்பிடற சத்தம் கேட்டுச்சு. அதையும் மச்சான் நம்பல.

பதினொண்ணு... எட்டு...

மலையிலேருந்து இறங்கற ரோட்டுலதான் வரிசையா அந்தக் கிளைகள் எல்லாம். நடுவுல ஒரு கிளையோட வாட்ச்மேன் போன்ல கூப்பிட்டார்.

"சார், நீங்க அனுப்பின ஆள் வந்துட்டுப் போயிட்டார். தொப்பலா நனைஞ்சிருந்தார். ரூமெல்லாம் சேறு."

"நான் யாரையும் அனுப்பலையே!"

வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது.

நாலு...

மூணு...

ரெண்டு.

ஒண்ணுன்னா பக்கத்து ரூம்ல இருக்கற ரவுட்டர்.

டக்... டக்... சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டற சத்தம்.

ஒண்ணு.

சத்தம் நின்னுச்சு.

மச்சான் கண்ணை மூடிக்கிட்டுப் பழைய முறையை அடியோட அழிக்கற கட்டளையைத் தட்டினான். திறந்து பார்த்தா மலைக்கிளை இல்லை. புது முறையில மத்த கிளையெல்லாம் ஒண்ணுவிடாம வந்துடுச்சு. அப்பாடான்னு வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் நடந்ததைச் சொன்னப்ப சோடாபுட்டி சிரிக்கல.

மலைக்கிளையை நஷ்டத்துல மூடலையாம். மழையில மண் சரிஞ்சு, உள்ளே இருந்த டெக்னீஷியனோட சேர்ந்து புதைஞ்சு போச்சாம். உடம்பு கிடைக்கவே இல்லை.

"போன மாசம் எனக்கும் இப்படித்தான் இறங்கி வந்துச்சு"ன்னான். "சொன்னா யாரு நம்புவா? மூணு வந்ததும் எதையும் தொடாம எழுந்து போயிட்டேன். காலையில பார்த்தா மறுபடி பதினாறு. வந்த வழியே போயிடுச்சு. உனக்கு எதுவரைக்கும் வந்துச்சு?"

"ஒண்ணு."

சோடாபுட்டி பக்கத்து ரூம் கதவையே பார்த்துக்கிட்டு நின்னான்.

"திரும்பிப் போற வழியை நீ அழிச்சுட்டியேடா..."

மச்சானுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு. சீட்டு அந்தச் சுவரோரம்தான்.