மொட்டைத் தேங்காய்க் குங்குமம்

கொட்டாங்கச்சியைச் செங்கல்லில் தேய்க்கும்போது சூடாக, லேசான கசப்போடு ஒரு வாசனை எழும். மற்றவர்களுக்கு மழைமண்ணோ மல்லிகையோ சின்ன வயதை நினைவூட்டலாம், எனக்கு அந்த வாசனைதான், அது மூக்கில் ஏறினாலே இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் வாழும் "வடார"த்தில் எங்கள் வீடும் ஒன்று. ரங்கூனுக்கு மரக் கம்பெனி வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து மாதக்கணக்காகத் தகவல் வராத அந்த வருஷம், கௌரி பண்டிகையன்று வடாரத்தின் சொந்தக்காரி நாகம்மா சுமங்கலிகளுக்குத் தாம்பூலம் கொடுத்தாள். தாம்பூலத் தேங்காயின் உச்சியில் நார்க்குடுமி, அதாவது "ஜுட்டு", இருந்தே ஆகவேண்டும். மொட்டைக் காய் கைம்பெண்ணின் தலைக்குச் சமம். எல்லார் தட்டிலும் ஜுட்டு இருந்தது, அம்மாவின் தட்டில் மட்டும் வழவழவென்று ஒரு மொட்டை.

“ஜுட்டு தானா உதிர்ந்து போச்சும்மா, தப்பா நினைக்காதே. உனக்கும் அங்கேயிருந்து ஒண்ணும் தகவல் காணோம், பாவ...” என்று நாகம்மா உச்சுக் கொட்டினாள்.

கொள்ளேகாலத்துக்காரியான என் அம்மா இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டு, “ரொம்பச் சந்தோஷமுங்க அக்கா” என்றாள், அவ்வளவுதான்.

நான் சும்மா இருப்பேனா? நாகம்மாவின் கொல்லைக் குப்பையைக் கிளறினேன். பிய்த்துப் போட்ட ஜுட்டு முழுசாகக் கிடந்தது. உதிர்ந்ததாம்! அதை எடுத்துக்கொண்டு ஓடி, “காயை அவ வாசல்லயே போட்டு ஒடைக்கலாம்மா” என்றேன்.

“எதுக்குக் கண்ணு? குடுமி போன காய் தாங்காது, கண்ணு வழியா அழுகிப்போயிரும். இப்பவே ஒடச்சு, ஒரு துளி வீணாக்காமத் திருப்பிக் குடுக்கறேன், பாரு.”

தண்ணீரை என் வாயில் ஊற்றினாள். துருவிப் பிழிந்த பாலில் பாயசம் வைத்தாள். பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி மிளகாயோடு வறுத்துப் பொடி செய்தாள். கண்ணுள்ள மூடியைக் கரியாக்கிப் பல்பொடிக்கு இடித்தாள். ஜுட்டில் பாதியைப் பிய்த்துப் புளி தொட்டு நாகம்மாவின் பித்தளைத் தட்டைப் பளபளக்கத் தேய்த்து, மீதியை எடுத்து வைத்தாள். மற்ற மூடியைத்தான் நாள்கணக்காகச் செங்கல்லில் தேய்த்தாள், எண்ணெய் பூசினாள், மறுபடி தேய்த்தாள். அது கருங்கல் போல மின்னிற்று.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் எங்களில் இல்லை. நவராத்திரிக்கு நாகம்மா வீட்டில் பொம்மை வைத்து வடாரமே கூடியிருந்தபோது, அம்மா அந்தத் தட்டோடு போய் நின்றாள். தட்டில் கொட்டாங்கச்சி நிறையக் குங்குமம், பக்கத்தில் மீதி ஜுட்டு.

“ஏனு இது, என்ன?” என்றாள் நாகம்மா.

“உங்க காயிதானுங்க அக்கா. எங்கூட்டுக்காரரு நல்லா இருக்கோணும்னு நெனச்சு எடுத்துக்குங்க.”

எதிர்வீட்டு ரத்னம்மா எட்டிப் பார்த்து, “உதிர்ந்த ஜுட்டு இதுதானா! வேரோட இல்ல உதிர்ந்திருக்கு!” என்றாள். கூடமே சிரித்தது. நீட்டிய குங்குமத்தைச் சுமங்கலி மறுக்க முடியாது. நாகம்மா அவசரமாக எடுத்து இட்டுக்கொண்டதில் குங்குமம் மூக்கில் உதிர்ந்ததை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். பாயசத்தைவிட அது இனித்தது.

தட்டை அங்கேயே வைத்துவிட்டு, கொட்டாங்கச்சியை மட்டும் அம்மா வீட்டுக்கு எடுத்து வந்தாள். தை பிறந்து அப்பா பெட்டியோடு வந்து இறங்கினார். அம்மா அவரை எங்கள் வாசற்படி ஏறவிடவில்லை. “மொதல்ல நாகம்மாக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க” என்று அனுப்பினாள். ஒன்றும் புரியாமல் போனார், பாவம். நான் பின்னாலேயே ஓடினேன், அவள் முகத்தைப் பார்க்க.

இப்போது அந்த வடாரம் இல்லை. தெருவை அகலப்படுத்த இடித்துவிட்டார்கள், குப்பை கிடந்த கொல்லையில் ஜட்கா வண்டிகள் நிற்கின்றன. நாகம்மா புருஷனோடு சாமராஜநகரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். காலேஜ் முடித்த எனக்கு வருகிற மாதம் கல்யாணம். பத்திரிகையை நானே அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு நான் யாரென்றே முதலில் தெரியவில்லை.

“விட்டுடு கண்ணு, வயசாயிருச்சு அவளுக்கு” என்கிறாள் அம்மா. சம்பந்தி வீட்டார் வரவேற்புத் தட்டுக்கென்று வெள்ளிக் குங்குமச் சிமிழ் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கொட்டாங்கச்சிக்கு நேற்று எண்ணெய் பூசினேன்.