உமி அடைத்த தகடு

என் மகன் ஓட்டுவது பழைய வேன். முன்சீட்டுக்கு நேர் அடியில்தான் அதற்கு இன்ஜின். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேரைக் காலையில் நீடாமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிவருவான். எதிர்வீட்டுச் சின்னப் பெண் இரண்டாம் வகுப்பு. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும். அதனால் முன்சீட்டு எப்போதும் அவளுக்கு.

போன பங்குனியில் அவள் அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். பாவாடையை லேசாகத் தூக்கி முழங்காலின் பின்பக்கத்தைக் காட்டினாள். ரெக்சின் சீட்டின் தையல் வரி சூடுபட்டுச் சிவப்பாகப் பதிந்திருந்தது. சண்டைக்கு வந்தவள் இல்லை அவள். பிள்ளை வாயைத் திறந்து சொல்லவே இல்லை, சொன்னால் பின்னால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறது, குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன் என்றாள்.

மகன் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். இன்ஜினிலிருந்து புகைக்குழாய் கிளம்புகிற இடத்துக்கு மேலே சூட்டைத் தடுக்க ஒரு தகடு இருக்குமாம். அது துருப்பிடித்து உதிர்ந்து ஓரம் மட்டும் மிச்சம் இருந்தது. மெக்கானிக்கைக் கேட்டதற்கு, வெளியூரிலிருந்து வரவேண்டும், பத்து நாளாகும், அதுவரைக்கும் பிள்ளையை அங்கே உட்கார வைக்காதே என்று சொல்லியிருக்கிறார். மகன் சரி என்று வந்துவிட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஒரு தகட்டுக்கா பத்து நாள்? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் சூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரைஸ் மில்லில் இருபது வருஷம் நெல் அவித்தவள் நான். எங்கள் தெருவில் கேஸ் வருவதற்கு முன்னால் இருந்த அடுப்புகளில் பாதிக்கு மேல் என் கை பூசியது. நான் போட்ட அடுப்பில் சூடு சட்டிக்குப் போகும், சமைக்கிறவள் முகத்துக்கு வராது. இது ஊர் சொன்ன பேச்சு, நானாகச் சொல்லவில்லை.

கல்யாண வீடுகளில் ஐஸ் பாளத்தை உமிக்குள் புதைத்து வைப்பார்கள். பந்தலுக்கு வெளியே தலை பிளக்கிற வெயில் அடிக்கும், உமிக்குள் ஐஸ் அப்படியே கிடக்கும். வெயிலை உள்ளே விடாத உமி இன்ஜின் சூட்டை மட்டும் மேலே விட்டுவிடுமா? அதுதான் என் கணக்கு.

காலி எண்ணெய் டின் ஒன்றை உளி வைத்து வெட்டிப் பிரித்தேன். அம்மிக்கல்லில் போட்டுத் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். இரண்டு தகடு ஆயிற்று. நடுவில் விரல் கனத்துக்கு உமியைப் பரப்பிக் கெட்டித்தேன். நாலு ஓரத்தையும் மடித்து, மடித்ததன் மேலே இன்னொரு மடிப்பு மடித்துச் சுத்தியலால் அறைந்தேன். வண்டியில் கட்டுக்கம்பி போட்டுக் கட்ட வேண்டுமே, அதற்காக ஆணியை வைத்துச் சுற்றிலும் துளை போட்டேன். பத்துத் துளை. சூடு சீராக ஆறட்டும் என்று நடுவிலும் ரெண்டு.

மகன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எரிஞ்சிடாதாம்மா?" என்றான்.

"டின்னுக்குள்ள அடைச்ச உமி எப்படிடா எரியும்? காத்து வேணாமா அதுக்கு?" என்றேன்.

உமி விஷயத்தில் என்னிடம் பதில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. கட்டிவிட்டான்.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண் இறங்கியதும் நேராக ஓடிவந்து, சீட்டு ஜில்லென்று இருக்கிறது ஆயா என்றாள். ஜில்லென்று இருந்திருக்காது, பிள்ளைப் பேச்சுதான், இருந்தாலும் எனக்கு அது போதும். மறுநாள் அவள் அம்மா ஒரு கிண்ணத்தில் பருப்புப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். கடைத்தெருவில் மெக்கானிக்கைப் பார்த்தபோது, உங்கள் பத்து நாள் வேலையை ஒரு பொழுதில் முடித்துவிட்டேன் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மூன்றாம் நாள் மூட்டுவலித் தைலம் வாங்க நீடாமங்கலம் போயிருந்தேன். திரும்பும்போது பிள்ளைகளோடு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் நானும் அந்தப் பெண்ணும். ஒரு சீட்டைப் பங்குபோட்டுக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். பின்னால் பிள்ளைகள் யாரோ ஒருத்தனின் டிபன் டப்பா மூடிக்காக அடித்துக்கொண்டார்கள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி வாய்க்கால் கரைச் சாலையில் திரும்பியதும் அந்த வாசனை வந்தது. உமி புகைகிற வாசனை. எனக்கு அது பூ வாசனை மாதிரி. பொழுது விடிந்தால் அதில்தான் விழித்திருக்கிறேன். சாய்ந்து உட்கார்ந்து நன்றாக இழுத்துக்கொண்டேன். "பக்கத்துல யாரோ நெல்லு அவிக்கிறாங்கடா" என்று மகனிடம் சொன்னேன்.

"இப்பல்லாம் யாரும்மா வீட்டுல நெல்லு அவிக்கிறா?" என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு வயல் போயிற்று, ஒரு தென்னந்தோப்பு போயிற்று, ஒரு மதகு போயிற்று. வாசனை மட்டும் பின்னால் போகவில்லை. வண்டியோடு வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். குரலே எழும்பாமல், "ஆயா, கீழ சுடுது" என்றாள்.

வண்டியை நிறுத்து என்று சொன்னேனா, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை. வண்டி நின்றது. பிள்ளைகளை இறக்கிக் கரையில் தள்ளி நிறுத்திவிட்டு மகன் சீட்டைத் தூக்கினான். குப்பென்று மஞ்சளாகப் புகை வந்தது. தகட்டில் தீ ஏதும் தெரியவில்லை. ஆனால் நான் போட்ட துளை ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கண் விழித்திருந்தது. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பெட்ரோல் குழாய்.

உமி அடுப்பு போடத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சட்டியில் உமியைக் கெட்டிக்கும்போது நடுவில் ஒரு கட்டையை நட்டுவைத்து, அப்புறம் அதை உருவி எடுப்போம். காற்றுக்காக அந்தத் துளை. அதில் ஒரு கங்கைப் போட்டால் போதும், பொழுதுக்கும் தீயே காட்டாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். நாற்பது வருஷம் என் கை செய்த வேலை அது. துளை வைத்துக் கெட்டித்து, கீழே நெருப்பையும் காட்டி, ஒரு உமி அடுப்பைப் போட்டிருக்கிறேன். அதன் மேலே ஒரு பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மண் வெடித்துக் கிடந்தது. பிள்ளைகளின் பாட்டில்களில் சாயங்கால மிச்சம் ஆளுக்கு ஒரு வாய் இருந்தது. மகன் தகட்டின் ஓரத்தைப் பிரித்து அதை உள்ளே ஊற்றப் போனான். "பிரிக்காதே, காத்துப் பட்டா புடிச்சிக்கும். கம்பிய மட்டும் வெட்டு" என்றேன். அவன் குறடால் ஒவ்வொரு கம்பியாக வெட்டினான். நான் முந்தானையை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு அதைத் தூக்கினேன். சூடு துணி தாண்டி உள்ளங்கையில் இறங்கிற்று. விடவில்லை. நாலு எட்டு வைத்து வாய்க்காலுக்குள் வீசினேன்.

விழுந்த வேகத்தில் மடிப்பு விட்டு உமி சிதறியது. முழுக்கக் கங்கு. காற்று அதை வாரிக்கொண்டு போனது. பின்னாலிருந்து ஒரு பையன், "மத்தாப்பு மாதிரி இருக்குடா" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினான். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினான். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், வயர் ஷார்ட் ஆகிப் புகைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் மகன். விஷயம் தெரிந்தால் நாளையிலிருந்து ஒரு பிள்ளையும் வராது, வண்டி நின்றுவிடும் என்றான். வண்டி நின்றுவிடும் என்றதில் பொய் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறான், அவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்பதும் தெரிந்தது. என் கை எரிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டில் பெண்ணை இறக்கிவிடும்போது நானும் இறங்கினேன். அவள் அம்மா என் கையைப் பார்த்துப் பதறிப்போய்த் தேங்காய் எண்ணெய் எடுக்க உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. போகவில்லை. அவள் வந்து எண்ணெய் தடவத் தடவ எல்லாவற்றையும் சொன்னேன். உமி வைத்தது, துளை போட்டது, வாசனையை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒன்றையும் விடவில்லை.

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மெக்கானிக் உட்கார வைக்காதன்னு சொன்னது எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "நீங்க செஞ்சதுன்னுதான் உட்கார வெச்சேன்."

மறுநாள் காலையில் வேன் எதிர்வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. அவள் பிள்ளையைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, வேனைத் தாண்டி மிதித்துக்கொண்டு போனாள். மற்ற பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.