விதவைக்கு வந்த அரிசியும் நனையாத வலையும்

"கோட்டைக்குப்பம். தனக்கோடி. விதவை. வயது நாற்பத்தைந்து. மெலிந்த உடல். பெண்மக்கள் இருவர், உதவாதவர்கள். தொழில் இல்லை. வலை இல்லை. இரக்கத்துக்கு உரியவள்."

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், ஒரு சித்திரை மாதம், ஏரியோரக் குப்பங்களின் வீடுகளை ஓலையில் எழுதிக்கொண்டு போன கணக்கப்பிள்ளை மாசிலாமணி தனக்கோடியைப் பற்றி எழுதியது இவ்வளவே. இதில் ஊர் பெயர் சரி. அவள் பெயரும் சரி. பெண்மக்கள் இருவர் என்பதும் சரிதான். மாசிலாமணிக்கு இரண்டு வரை எண்ணத் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் தப்பு. தனக்கோடிக்கு அப்போது முப்பத்தொரு வயது. நிறைந்த மீன்கூடையைத் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு, வழியில் யாரோடாவது சண்டையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிற உடம்பு அவளுடையது. அவள் புருஷன் சுப்பராயலு அன்று ஆவாரம்பட்டை உரிக்க மேட்டுநிலத்துக்குப் போயிருந்தான். பொழுது சாயத் திரும்பி வந்து இரண்டு சட்டி கூழ் குடித்தான். செத்தவன் குடிக்கிற அளவு இல்லை அது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்புகளில் பாதியை மாசிலாமணிக்கு எடுத்துக் கொடுத்தவள் தனக்கோடியேதான்.

போன கார்த்திகைப் புயலில் அவர்கள் வலை முகத்துவாரம் வழியே கடலோடு போய்விட்டது. வலை போனால் பாடும் போகும். பாடு என்பது முறை. இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் ஏரியில் சிலதான். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஆடி முதல் வெள்ளிக்கிழமை ஊர்கூடிப் பானையில் சிப்பி போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வலை உள்ள வீட்டுக்கு ஒரு சிப்பி. வலை இல்லாத வீடு அந்த வருஷம் பிறத்தியார் வலையை இழுத்துக் கொடுத்து அவர்கள் போடுவதை வாங்கித் தின்ன வேண்டும். அதைத் தனக்கோடி ஒருநாளும் ஏற்கமாட்டாள். ஆக, ஆடிக்குள் ஒரு வலை வேண்டும்.

கோடையில் ஏரி வற்றிச் சுருங்கி, ஓரமெல்லாம் உப்புப் பூத்து, மீன் ஆழம் தேடிப் போய்விடும். ஊர் ஆண்கள் பூவரச மரத்தடியில் படுத்து, யார் அதிகம் வேர்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சுப்பராயலு வீட்டில் அந்தக் கோடை வேறு மாதிரி போனது. வாசலில் ஓலைப் பந்தல் போட்டு நாலு பேரும் அதன்கீழ் உட்கார்ந்தார்கள். சணப்பு நாரைத் தொடையில் உருட்டி நூல் முறுக்குவது தனக்கோடி. மூங்கில் ஊசியில் அந்த நூலைக் கோத்துக் கண் கண்ணாக முடிவது சுப்பராயலு. கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவி மிதப்புகள் செய்வது பெரியவள் செல்வம்மாள். ஏரிக் களிமண்ணை உருட்டி, நடுவில் ஓட்டை போட்டு, வரட்டிச் சூளையில் சுட்டு, வலையின் அடியில் கட்டும் குண்டுகள் செய்வது எட்டு வயது முனியம்மா.

முனியம்மா ஒவ்வொரு குண்டுக்கும் ஊரில் ஒருவர் பெயரை வைத்தாள். வெடித்துப்போன குண்டுகளுக்கு அத்தைமார் பெயர்.

"நைனா, இது யாரு தெரியுமா? நம்ம ஊருத் தலைவரு."

சுப்பராயலு வாங்கிப் பார்த்தான். மற்றதைவிட ஒன்றரைப் பங்கு பெரிது. "இன்னாத்துக்கும்மா இம்மாம் பெருசு?"

"அவுருதானே எப்பவும் அடியில போய் உக்காந்துக்கினு எழுந்திருக்க மாட்டாரு."

சுப்பராயலு சிரிக்கும்போது முடிச்சு தளரும். தனக்கோடி நூலால் அவன் முதுகில் ஒரு சுண்டு சுண்டுவாள். "கண்ணு பெருசாப் பூடுச்சு பாரு. இதுல இறாலு வராது, உன் மச்சான்தான் வருவான்." அவன் அந்த முடிச்சைப் பிரிப்பான். மத்தியானம் கூழும் சுட்ட கருவாடும். சாப்பிட்ட கையோடு செல்வம்மாள் ஒரு மிதப்பைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுக் காட்டுவாள்; அது மிதந்தால் வீடே ஏதோ கப்பல் கட்டி விட்டது போலக் கத்தும். தனக்கோடிக்கு அந்தக் கோடை பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூவரும் அதையே சாக்காக வைத்து வேலையை நிறுத்தியிருப்பார்கள்.

இப்படி ஒருநாள் உச்சிவெயிலில்தான் மாசிலாமணி வந்தான். சுப்பராயலு பட்டைக்குப் போயிருந்தான். அவன் முடிந்து வைத்திருந்த வலை தனக்கோடியின் மடியிலும் தோளிலும் கிடந்தது.

"புருஷன் பேரு?"

புருஷன் பெயரை எந்தப் பெண்பிள்ளை வாயால் சொல்வாள்? தனக்கோடி தலையைக் குனிந்துகொண்டு, முனியம்மா சொல்லட்டும் என்று கண்ணைக் காட்டினாள். முனியம்மா சூளையை ஊதிக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் காற்று. தாலியும் குங்குமமும் கண்ணுக்கு நேரே இருந்தன. மாசிலாமணியின் கண்ணோ ஓலையில் இருந்தது. குனிந்த தலையும் பதிலில்லாத வாயும்தான் அவனுக்கு எட்டின. "த்சு" என்றான். வெயிலைச் சொல்கிறான் என்று தனக்கோடி நினைத்தாள்.

"தொழில்?"

"கோடைல இன்னாங்க தொழிலு? வூட்டோட கீறோம்."

"வலை உண்டா?"

"இல்லீங்க."

மாசிலாமணி அப்போதுதான் ஒருகணம் நிமிர்ந்தான். "மடியில இருக்கிறது?"

"நூலுங்க."

பொய் சொல்லவில்லை அவள். அந்தக் கரையில், ஏரித் தண்ணீர் படாதவரை வலையை யாரும் வலை என்று சொல்வதில்லை. எத்தனை கண் முடிந்திருந்தாலும் அது நூல். முந்திக்கொண்டு வலை என்று சொல்லிவிட்டால் முதல் நாளே கிழியும் என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. கணக்கப்பிள்ளையும் அறிந்திருப்பான் என்று தனக்கோடி நம்பினாள். மாசிலாமணி மயிலாப்பூர்ப் பக்கத்து ஆள். நூல் என்றதை நூல் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

எழுதியது என்ன என்பது ஆனி மாதம்தான் தெரிந்தது. அந்த ஓலையைப் பார்த்துப் பழவேற்காட்டு வியாபாரி ஒருவர் ஆதரவற்றவர்களுக்கு அரிசி தர்மம் செய்தார். ஒரு ஆள் மூட்டையோடு வந்து வாசலில் நின்றான். வாங்கி இறக்கியவன் சுப்பராயலு.

"யாருக்குப்பா இது?"

"இந்த வூட்டு விதவைக்கு. ரெண்டு படி. ஆம்பளை இல்லாத வூடுன்னு எழுதியிருக்கு. நீ யாரு?"

சுப்பராயலு யோசித்தான். "நான் பக்கத்துல இருக்கிறவன்" என்றான். பதில் அவசரத்தில் வந்துவிட்டது. அப்படித்தான் தான் இறந்துபோனதற்கான அரிசியைத் தன் கையாலேயே வாங்கி வைத்தான்.

விஷயம் தெரிந்ததும் தனக்கோடி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள். மூட்டைதான் முதலில் கிளம்பியது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மாசிலாமணி உட்கார்ந்திருந்த நிழலுக்குப் போய் அவன் காலடியில் இறக்கினாள்.

"எம்புருசன் வூட்ல கூழு குடிச்சிக்கினு கீறாரு. இன்னாத்துக்கு எனக்கு அரிசி?"

மாசிலாமணி ஓலைக்கட்டைப் பிரித்து நிதானமாகத் தேடி, அவள் பெயருக்கு நேரே இருந்ததை முழுக்க வாசித்துக் காட்டினான். "விதவைன்னு இருக்கே அம்மா."

"இருக்குதுன்னா? எழுதினது நீதானே?"

"எழுதினது நான்தான். ஆனா ஓலையை நகல் எடுத்து அனுப்பியாச்சு. உங்க தலைவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. இனி அடுத்த சித்திரைக்குத்தான் திருத்தம்."

"அதுவரைக்கும் அவுரு செத்துக்கினே கெடக்கணுமா?"

"நான் சாகச் சொல்லலையே. ஓலையில அப்படி இருக்குன்னுதான் சொன்னேன்."

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் தனக்கோடி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். விதவை என்றதுகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. 'தொழில் இல்லை' என்றானாம். நார் முறுக்கி முறுக்கி அவள் தொடையில் தோல் உரிந்து காய்த்துப் போயிருந்தது. 'உதவாதவர்கள்' என்றானாம். செல்வம்மாள் சீவிய மிதப்பு இருநூறு. முனியம்மா சுட்ட குண்டு நானூற்றைம்பது, அத்தைமார் நீங்கலாக.

ஆடி முதல் வெள்ளி வந்தது. முந்தின வருஷங்களில் யாருக்கு வலை உண்டு, யாருக்கு இல்லை என்று அடிதடி நடந்திருந்ததால், இந்த வருஷம் ஓலையில் உள்ளபடிதான் சிப்பி என்று தலைவர் திருவேங்கடம் முன்பே முடிவு செய்திருந்தார். சண்டை வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. தலைவரின் அக்காள் மகன் கோதண்டம் புதுக்கல்யாணம் முடித்தவன். சுப்பராயலு வீட்டுச் சிப்பி பானையில் விழாவிட்டால் அவன் முறை சீக்கிரம் வரும். அதற்கும் இந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று தலைவர் யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார்.

மக்காமலிருக்க ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிச் சிவந்த வலையை நாலு பேரும் நாலு முனையில் சுமந்துகொண்டு வந்து கரையில் வைத்தார்கள்.

"தலைவரே, எங்க வூட்டுச் சிப்பி" என்றான் சுப்பராயலு.

"உன் வூட்டுக்கு இல்லைப்பா. ஓலைல நீயே இல்லை."

"நான் எதிர்ல நிக்கிறேன் தலைவரே."

"நிக்கிறது எனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துல சாப்பிட்டவன் நானு. ஓலைக்குத் தெரியணும்ல?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தனக்கோடி முன்னால் வந்தாள். "சரி, அவுரு செத்தாரு. வலை இருக்குதா இல்லியா? அதைச் சொல்லுங்க."

"எங்க கீது வலை?" என்றான் கோதண்டம். "ஏரியில நனையாதது நூலுதான். நீயே கணக்கப்பிள்ளைகிட்ட அப்படித்தான் சொன்னியாமே அண்ணி."

"அப்ப நனைச்சிட்டு வரேன்."

"பாடு கெடைக்காதவங்க ஏரியில வலை எறக்கக் கூடாது" என்றார் தலைவர். "அது கட்டுப்பாடு."

அதாவது, நனையாத வரை வலை இல்லை. வலை இல்லாத வரை பாடு இல்லை. பாடு இல்லாத வரை நனைக்க முடியாது. பழைய வலை உள்ள வீடுகளுக்கு இது ஒருபோதும் உறுத்தியதில்லை. வலையைத் தொலைத்தவனுக்கு மட்டும் கட்டி வைத்த வேலி அது. தனக்கோடி அங்கே நின்றபடி அதை ஒரு சுற்று சுற்றி யோசித்தாள். பிறகு மகள்களைப் பார்த்தாள்.

"செல்வி, முனிமா. குடத்தை எடுங்கடீ."

தண்ணீர் கூப்பிடு தூரம்தான். மூன்று குடங்களும் வரிசையாகப் போய் வந்தன. வலையை ஏரிக்குள் இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. ஏரியை வலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று யாரும் எந்தக் காலத்திலும் சொல்லி வைக்கவில்லை. தனக்கோடி முதல் குடத்தை ஊற்றினாள். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது குடத்தில் தண்ணீர் தலைவரின் பாதங்களைச் சுற்றி ஓடியது. அவர் நகரவில்லை, நகர்ந்தால் தோற்றது போலாகும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"போதுமா? இன்னும் எத்தினி குடம் வோணும்?"

தலைவர் குனிந்து வலையின் அடிக்கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். ஈரம் சொட்டியது. கையில் பெரிய குண்டு ஒன்று அகப்பட்டது. முடிச்சுகளைச் சோதித்தார், நல்ல முடிச்சுகள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று இன்னொரு முறை இழுத்தார்.

"அது நீங்கதான் தாத்தா" என்றாள் முனியம்மா.

கூட்டத்துக்கு அது புரியவில்லை. சுப்பராயலுவுக்குப் புரிந்தது, இருமினான்.

"வலை சரி" என்றார் தலைவர், கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி. "ஆனா சிப்பி ஆம்பளை பேருக்குத்தான் போடுவோம். விதவை பேருக்குப் போட்டதில்லை. பேரு இல்லாத வூட்டுக்கு எப்படிப் போடறது?"

எல்லோரும் முனியம்மாவைப் பார்த்தார்கள்; பெயர் சொல்ல வேண்டியவள் அவள்தானே. முனியம்மாவும் வாயைத் திறந்தாள். தனக்கோடி கையை நீட்டி அந்த வாயைப் பொத்தினாள்.

"சுப்பராயலு" என்றாள்.

பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பதினாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுப்பராயலு தரையைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"கேக்கலியா? சுப்பராயலு. என் புருசன். உயிரோட கீறாரு. எழுதிக்கோங்க."

தலைவர் பானையில் ஒரு சிப்பியைப் போட்டார்.

கதை கேட்கிறவர்கள் இந்த இடத்தில் முதல் பாடு அவர்களுக்கே விழுந்தது என்று எதிர்பார்ப்பார்கள். விழவில்லை. பதினொன்றாவது விழுந்தது, பதிமூன்றில் பதினொன்று. கோதண்டத்துக்குப் பன்னிரண்டு. "பரவால்ல, நமக்குப் பின்னால ஒருத்தன் கீறான்" என்றான் சுப்பராயலு. செத்தவனாயிருந்து எழுந்தவனுக்கு அந்த நிம்மதி போதுமாயிருந்தது. தனக்கோடிக்குப் போதவில்லை, அவள் அடுத்த சித்திரைக்குக் காத்திருந்தாள்.

சித்திரையில் மாசிலாமணி வந்தான். வாசலிலேயே நிற்க வைத்து, அவன் எழுதுவதைத் தனக்கோடி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்கு அது தெரியும். இருந்தும் ஓலையைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதினான். திருத்தத்துக்குப் பின் ஓலையில் நின்றது இது: "தனக்கோடி. கணவன் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. வலை இருப்பதாகக் கேள்வி. தொழில் இல்லை."

ஓலை எழுதாமல் விட்டது இது: முந்தின கோடையில் தனக்கோடி, தன் புருஷனோடும் இரண்டு பெண்களோடும் பந்தலின்கீழ் உட்கார்ந்து, மூன்று மாதம் நார் முறுக்கி, இரு கையும் விரித்து அளந்தால் அறுபது பாக நீளத்துக்கு ஒரு வலை செய்தாள்.